முதிர்ச்சி இல்லை என்று எழுதினேன், அம்மாயி “முத்தலா?” என்று கேட்டார்

கொழுந்துமலை | பொகவந்தலாவை

எல்லாருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில் தரம் 10க்கு வகுப்பாசிரியையாக இருக்கிறேன். தவணை முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையிலும் இரண்டு வரி எழுத வேண்டும். 42 பிள்ளைகள். ராத்திரி பதினொரு மணிக்கு, கை ஓய்ந்துபோன நேரத்தில், ஒரு பையனுக்கு “வயதுக்கேற்ற முதிர்ச்சி இல்லை” என்று எழுதிவிட்டேன். பொய்யாக எழுதவில்லை. வெண்கட்டியைத் துண்டு துண்டாக உடைத்து ஜன்னலுக்கு வெளியே எறிவான். பாடம் நடக்கும்போது மேசைக்கடியில் புகுந்து பக்கத்துப் பையனின் சப்பாத்து லேஸை அவிழ்ப்பான். வயது 15.

பெற்றோர் கூட்டத்துக்கு அவனுடைய அம்மாயி வந்தார். அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலை. அம்மாயிக்கு வாசிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்டினேன்.

“முதிர்ச்சின்னா என்னங்க டீச்சர், முத்திப் போறதா?”

ஆமாம் அம்மா, பெரியவர்கள் மாதிரி ஆவது என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “முத்துனத மடுவத்துல கழிச்சுருவாங்களே டீச்சர். எம் பேரன் முத்தல்னு எழுதியிருந்தால்ல நான் கவலப்படணும்?” மடுவம் என்றால் பறித்த கொழுந்தை நிறுக்கும் இடம்.

எங்கள் பள்ளிக்கூட வேலியைத் தாண்டினால் தேயிலைதான். அவர் எழுந்து போய் வேலிக்கு மேலே கையை நீட்டி ஒரு கொழுந்தைக் கிள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு இலை, ஒரு மொட்டு. தண்டை என் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடித்தார். டக் என்று முறிந்தது. பிறகு அதே செடியில் கீழே இருந்து பறித்த இலையின் காம்பை ஒடித்தார். முறியவில்லை, நார் இழுத்தது. “இது முத்தல். இதுக்கு வெல இல்ல.” அவருடைய ஆள்காட்டி விரலின் ஓரம் முழுக்கக் கறுத்து வெடித்திருந்தது.

அன்றைக்கு இரவு முழுக்க இதையே யோசித்தேன். இளம் வயதையும் பக்குவம் வராததையும் சொல்ல உங்கள் வீட்டில், லயத்து வரிசை வீடுகளில், ஊரில் என்னென்ன சொற்கள் இருக்கின்றன? எதைச் சொன்னால் பிள்ளைக்கு வலிக்கும், எதைச் சொன்னால் வலிக்காது? அறிக்கையைத் திரும்ப வாங்கி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வேறு வரி எழுதிக் கொடுக்க வேண்டும்.

பதுளைக்காரன் | பசறை

டீச்சர், எங்கள் பக்கம் சின்னதுகள் கூட்டமாக இருந்தால் நண்டு சிண்டு, பொடிசுக. கொஞ்சம் வளர்ந்தால் பய, பொடியன். மீசை அரும்பினால் வயசுப்பய. வாய் நீண்டுவிட்டால் “மொளச்சு மூணு எல விடல, அதுக்குள்ள பேச்சப் பாரு” என்பார்கள். என் அப்பாயி அடிக்கடி சொன்ன இன்னொன்று, “பால்மணம் மாறல”. அதை அவர் திட்டும்போது சொன்னதில்லை. யாராவது என்னை அடிக்க வந்தால் குறுக்கே நின்று சொல்வார், “பால்மணம் மாறாத புள்ள, அடிக்காதீங்க.”

அம்மாயி சொன்னதைப் படித்த பிறகு அந்த மூணு இலையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஊரில் அது திட்டு. நம் மலையிலோ இரண்டு இலை, ஒரு மொட்டு என்ற அந்த மூன்றுக்குத்தானே கூலி.

பழைய வாத்தியார் | மாத்தளை

அருமையான கேள்வி, டீச்சர். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தமிழில் இளமைக்கென்று ஒரு பொதுச் சொல் இருந்தாலும், எது இளமையாக இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். தென்னையில் குரும்பை, மாவில் வடு, பலாவில் மூசு, வாழையில் கச்சல். கன்றுகளிலும் அப்படித்தான். நெல்லுக்கு நாற்று, மாவுக்குக் கன்று, தென்னைக்குப் பிள்ளை, பனைக்கு வடலி.

தொல்காப்பியத்தின் மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பது என்று கணக்குச் சொல்கிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. எது எதற்குப் பொருந்தும் என்றும் பிரித்திருக்கிறது. ஆட்டுக்கும் மானுக்கும் மறி. நாய், பன்றி, புலி, முயல் நான்குக்கும் குருளை. பறவைக்குப் பார்ப்பும் பிள்ளையும். இதில் என்னை வகுப்பில் பல வருடம் நிறுத்தி வைத்த இடம் ஒன்று உண்டு. மனிதருக்குக் குழவி, மகவு என்ற இரண்டு மட்டுமே உரியவை, மற்றவை உரியவை அல்ல என்கிறது அந்த நூல். அப்படியென்றால் பிள்ளை? பறவைக்கு உண்டு, மரத்துக்கும் உண்டு, மனிதக் குழந்தைக்கு இல்லை!

இன்றைக்கு எப்படி இருக்கிறது பாருங்கள். கிளிப்பிள்ளையும் தென்னம்பிள்ளையும் அப்படியே இருக்கின்றன. நம் குழந்தைகளுக்கும் அதே பெயர் வந்துவிட்டது. அதோடு நிற்கவில்லை. தோட்டத்தில் தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தையை விட்டுவிட்டுப் போகும் இடம் பிள்ளைக்காம்பரா. அதே தாயை மலையில் வேலை வாங்குகிறவர் கணக்கப்பிள்ளை. தொட்டிலில் கிடப்பதும் பிள்ளை, கையில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டோடு நிற்பவரும் பிள்ளை. ஒரே சொல் ஓரிடத்தில் இளமையாகவே இருக்கிறது, இன்னோரிடத்தில் அதிகாரமாக வளர்ந்துவிட்டது. பொடியனுக்கு அந்த வளர்ச்சி கிடைக்கவில்லை. பெரிய உத்தியோகம் எதற்கும் அந்தப் பெயர் ஒட்டவில்லை.

நான் எழுதியிருந்தால் “விளையாட்டுப் பிள்ளை” என்று எழுதியிருப்பேன். அதில் குறையும் இருக்கிறது, பிரியமும் இருக்கிறது.

வடலி | நுவரெலியா

ஐயா வடலி என்று சொன்னதும் வந்துவிட்டேன், என் பெயரே அதுதான். பிறந்தது யாழ்ப்பாணம், வாழ்க்கைப்பட்டது நுவரெலியா.

எங்கட ஊரில் பெடியன், பெட்டை. கொஞ்சம் வளர்ந்தால் இளந்தாரி. பெண் பிள்ளை வளர்ந்தால் குமர்ப்பிள்ளை, “வீட்டில் குமர் இருக்கு” என்று சொல்லும்போதே அப்பாமாரின் குரல் இறங்கிவிடும். பெடியள் என்ற சொல் அங்கே ஒரு காலத்தில் ஆயுதம் தூக்கியவர்களையும் குறித்தது. சின்னப் பிள்ளைகளுக்கான சொல் அவ்வளவு பாரத்தைச் சுமந்ததை நேரில் பார்த்தவள் நான். அதனால் எனக்கு அந்தச் சொல்லைச் சும்மா சொல்ல வராது.

இங்கே வந்த புதிதில் மாமியார் பக்கத்து வீட்டுப் பையனை “எளவட்டம்” என்றபோது எனக்கு விளங்கவில்லை. அது எங்கேயிருந்து வந்த சொல்?

நீலமலை | கோத்தகிரி

அக்கா, அந்தச் சொல் இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலிப் பக்கத்துச் சொல். இளவட்டம். கிராமத்து மந்தையில் உருண்டையாக ஒரு கல் கிடக்கும், இளவட்டக்கல். அதைத் தோளுக்கு மேலே தூக்கிப் பின்பக்கமாகப் போட்டவனுக்குத்தான் பெண் கொடுப்பது என்று பழைய வழக்கம் சொல்வார்கள். கூலிக்குக் கப்பலேறிய சனங்கள் கல்லை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் கொண்டுபோயிருக்கிறார்கள்.

எங்கள் தாத்தா குடும்பம் 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலவாக்கலையிலிருந்து இங்கே வந்தது. இங்கேயும் தேயிலைதான். அம்மா இன்றைக்கும் என் மகளைப் பார்த்து “கொழுந்தே” என்றுதான் கூப்பிடுகிறார்.

லிந்துலையான் | லிந்துலை

பழைய வாத்தியார் ஐயா பொடியனைப் பற்றி எழுதியதால் இதைச் சொல்கிறேன். எனக்கு 27 வயது. கணக்கியல் டிப்ளோமா முடித்துவிட்டு நகரத்தில் ஓர் அலுவலகத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். எந்த ஊர், எந்த இடம் என்று எழுத விரும்பவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் விலாசத்தைப் பார்த்தார். “தோட்டமா?” என்றார். ஆமாம் என்றேன். அப்புறம் பக்கத்திலிருந்தவரிடம் “பொடியன் நல்ல பொடியன்தான், இன்னும் கொஞ்சம் முதிர்ச்சி வரணும்” என்றார். எனக்கு முன்னால் உள்ளே போய்வந்தவருக்கு 23 வயது. அவரை மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டது வெளியே எனக்குக் கேட்டது.

என் தாத்தா சின்ன வயதில் துரை பங்களாவில் குசினி வேலைக்கு நின்றவர். அங்கே அவருக்குப் பெயர் பொடியன். மீசை வந்த பிறகும், கல்யாணம் முடிந்த பிறகும் பொடியன்தான். அதே பங்களாவுக்கு வந்த சின்னதுரைக்கு, அதாவது உதவி மேலாளருக்கு, 24 வயது என்று தாத்தா சொல்வார். சின்ன என்பது அவருக்கும் முன்னால்தான் நின்றது, ஆனால் பின்னால் துரை இருந்ததே!

எனக்கு இந்தச் சொல்லில் வயது தெரியவில்லை. எங்கே நிற்கிறாய் என்பது மட்டும்தான் தெரிகிறது. டீச்சர், “முதிர்ச்சி இல்லை” என்பதையும் அந்தப் பையன் நாளைக்கு இப்படி எங்காவது ஒரு மேசைக்கு முன்னால் நின்று கேட்பான். தயவுசெய்து மாற்றுங்கள்.

பழைய வாத்தியார் | மாத்தளை

தம்பி, நீங்கள் பட்டது எனக்கு வலிக்கிறது. ஆனால் சொல்லின் மேல் முழுப் பழியையும் போடுவதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. என் மனைவி 40 வயது மகனை இன்றைக்கும் “என் பொடியன்” என்கிறார். அவனும் அதற்காகவே ஃபோன் எடுக்கிறான்.

லிந்துலையான் | லிந்துலை

ஐயா, அம்மா சொல்லலாம். அம்மாவுக்கு அந்த உரிமை இருக்கிறது. அந்த மேசைக்காரருக்கு இல்லை, அவ்வளவுதான்.

பழைய வாத்தியார் | மாத்தளை

சரி தம்பி. நீங்கள் சொன்னது சரி.

இறம்பொடை அக்கா | இறம்பொடை

ஆம்பிளப் பிள்ளைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பருவமே கிடைப்பதில்லையே. பையனுக்கு அரும்பு மீசையில் ஆரம்பித்து விடலை, வயசுப்பய, எளவட்டம் என்று பத்து வருடம் தாராளமாகக் கொடுக்கிறார்கள். பெண்ணுக்கு ஒரே ஒரு நாள். நேற்று வரை சின்னப்பிள்ளை, இன்றைக்குப் பெரிய மனுஷி. எனக்கு 12 வயதில் அது நடந்தது. குச்சில் கட்டி, பத்திய சாப்பாடு போட்டு, சடங்கு வைத்தார்கள். சடங்கு முடிந்த மறுநாள் நான் கிளித்தட்டு விளையாட இறங்கினேன். அம்மா வாசலில் நின்று “பெரிய மனுஷியாட்டம் நடந்துக்க” என்றார். எனக்கு உள்ளே எதுவும் மாறியிருக்கவில்லை. அதே கால், அதே கிளித்தட்டுக் கோடு.

இலக்கியத்தில் பெண்ணுக்கு ஏழு பருவம் என்று படித்தோம்: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். அதில் முதல் பெயரே பேதை. திருக்குறளில் பேதைமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, அங்கே அதன் பொருள் மூடத்தனம். மடந்தைக்குள்ளே மடம் இருக்கிறது. நமக்கு அறியாமையைக் குணமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கடைசிப் பெயர் எனக்குப் பிடிக்கும். 40 வயது வரை போகும் பருவத்துக்கும் நடுவில் இளம் என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். எனக்கு இப்போது 39. இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.

சத்தியப்பிரமாணம் | கண்டி

நான் சட்ட ஆவணங்கள் மொழிபெயர்ப்பவன். இளமைக்கு எங்கள் மேசையில் வேறு சொற்கள். வயது நிரம்பாதவரைப் “பராயமடையாதவர்” என்று எழுதுவோம். பராயம் 21லிருந்து 18க்கு இறங்கியது 1989இல். பாடப்புத்தகத்தில் கட்டிளமைப் பருவம், தமிழ்நாட்டில் அதையே வளரிளம் பருவம் என்கிறார்கள். எனக்கு நம்முடையதுதான் பிடிக்கும், கட்டு என்பதில் ஓர் உறுதி இருக்கிறது. சிறுவர் பாதுகாப்பு என்று வரும்போது 17 வயதுப் பையனும் சிறுவர்தான்.

பெண்கள், இளம் ஆட்கள், பிள்ளைகள் என்று மூன்று கூட்டத்தாரையும் தலைப்பிலேயே ஒன்றாகக் கட்டிய சட்டம் ஒன்று 1956இல் வந்தது, தொழிலுக்கு அமர்த்துவது பற்றியது. 2021இல் அதைத் திருத்தித்தான் வேலைக்கு வைக்கக் கூடிய ஆகக் குறைந்த வயதை 14லிருந்து 16 ஆக்கினார்கள். அதற்கும் முன்னால், 1927இல் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று மூன்று கூலி. பெண்ணும் ஆணும் ஒரே கூலிக்கு வர 1984 ஆனது. ஆக, இளம் என்பது நம் மலையில் சம்பளப் பட்டியலில் ஒரு நிரலாகவும் இருந்திருக்கிறது.

இன்னொன்று. பத்திரிகைச் செய்திகளை மொழிபெயர்க்கும்போது நான் பார்த்தது. ஒரே வயதுப் பையன் அடிபட்டால் சிறுவன், அடித்தால் இளைஞன்.

கவ்வாத்து | டிக்கோயா

முதல் தடவையாக இங்கே எழுதுகிறேன். கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன். வாத்தியார் ஐயா சொன்ன பிள்ளைகளில் நானும் ஒருவன்.

22 வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் என் அப்பா வயதுக்காரர்கள் நின்று என்னை ஐயா என்றார்கள். நான் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், சில நேரம் வாடா போடா என்றும் சொல்லியிருக்கிறேன். யார் முதிர்ந்தவர், யார் முதிராதவர் என்று இப்போது கேட்டால் எனக்குப் பதில் தெரியும். அப்போது தெரியவில்லை. லிந்துலைத் தம்பியின் தாத்தா மாதிரி எத்தனையோ பேரை நானும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பேன். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

அம்மாயி ஒடித்துக் காட்டியது சரியான பரீட்சை. தேயிலையின் குணம் முழுக்க அந்த நுனியில்தான் இருக்கிறது, கீழே போகப் போக நார். அதனால் ஒரு மலையில் எடுத்து முடித்தால் ஏழெட்டு நாளில் அதே மலைக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். மழை, ஆள் குறைவு என்று நாள் தள்ளினால் முத்திவிடும். வேறு பயிருக்கு விளையும் வரை காத்திருப்பார்கள். நெல் முற்றினால்தான் அறுப்பு, மாங்காய் முற்றினால்தான் பழம். பக்குவம், முதிர்ச்சி, விளைச்சல் என்று நம் மொழியில் நல்லதைக் குறிக்கும் சொற்கள் எல்லாம் அந்த வயல்களிலிருந்தும் அடுப்பிலிருந்தும் வந்தவை. தேயிலை மட்டும் தலைகீழ். லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் பயிரிட்ட நாளிலிருந்து இந்த மலைகளில் இளசுக்குத்தான் விலை. செடி கிழமாகலாம், கொழுந்து கிழமாகக் கூடாது. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவதும் அதற்குத்தான். என் தாத்தா காலத்துச் செடியைக்கூட முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் மறுபடியும் தளிர்க்கும்.

ஆனால் ஒன்று. எல்லாரும் பிள்ளையைக் கொழுந்து என்று கொஞ்சுகிறீர்கள், நல்லதுதான். கொழுந்தை நாங்கள் என்ன செய்தோம்? அதை வளர விடவில்லை. எட்டு நாளுக்கு ஒருமுறை கிள்ளினோம். செடி மேலே போகாமல் இருக்க மட்டக்கம்பு வைத்து நிரை நிரையாகச் சமப்படுத்தினோம். விட்டால் தேயிலை மரமாகிவிடும், தெரியுமா உங்களுக்கு? கைவிட்ட மலைகளில் போய்ப் பாருங்கள், ஆளை விட உயரமாக நிற்கும். சாதாரண தரப் பரீட்சை எழுதுவதற்கு முன்பே படிப்பை விட்டுவிட்டு வேலைக்கு வந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் செக்ரோலில் பேர் போட்டிருக்கிறேன். அப்போதும் அவர்களைக் கொழுந்து மாதிரிப் பிள்ளைகள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அதனால் டீச்சர், அவன் முத்தட்டும். முத்தல் என்றால் கழிப்பது தராசுக்காரன் கணக்கு. பள்ளிக்கூடத்தில் தராசு வேண்டாம்.

கொழுந்துமலை | பொகவந்தலாவை

ஐயா, இதை இரண்டு தடவை வாசித்தேன். அம்மாயி சொன்னதில் இருந்த அழகில் மயங்கிப்போய் இந்தப் பக்கத்தை நான் பார்க்கவே இல்லை. நன்றி.

பதுளைக்காரன் | பசறை

எனக்கும் ஒன்று கேட்க வேண்டும், டீச்சர். அந்தப் பையன் வீட்டில் எப்படி?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. என் அம்மாவும் நான் 9 வயதாக இருக்கும்போது குவைத்துக்குப் போனார். வீட்டில் தங்கச்சிக்குத் தலை பின்னுவது நான், பீலியில் தண்ணீர் பிடிப்பது நான், அப்பா குடித்துவிட்டு வந்தால் கதவைத் திறந்து படுக்க வைப்பதும் நான். பக்கத்துக் காம்பரா ஆட்கள் “பெரிய மனுஷன் மாதிரி இருக்கான்” என்று மெச்சுவார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போனால் நான் ஒரு குரங்கு. கூரையில் கல்லெறிவேன், கத்துவேன். அங்கே மட்டும்தான் எனக்குப் பிள்ளையாக இருக்க இடம் இருந்தது என்பது 30 வயது தாண்டிய பிறகுதான் எனக்கே விளங்கியது.

மாம்பழத்தில் வெம்பல் என்று ஒன்று உண்டு. வெயில் தாங்காமல் முற்றுவதற்கு முன்பே மஞ்சளாகி விழும். பார்க்கப் பழம் மாதிரி இருக்கும், கடித்தால் கொட்டை கூட முற்றியிருக்காது. எங்களை மாதிரிப் பிள்ளைகளுக்குப் பிஞ்சிலே பழுத்தது என்ற பேச்சும் உண்டு, கெட்ட பழக்கத்துக்குத்தான் அதைச் சொல்வார்கள். வெம்பினதுக்கும் பழுத்ததுக்கும் வித்தியாசம் பார்க்க ஆள் வேண்டும்.

கொழுந்துமலை | பொகவந்தலாவை

பதுளைத் தம்பி, நீங்கள் கேட்டதால் நேற்று அவன் வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் ஐந்தரை மணி, மேல்லயம். அம்மாயி இன்னும் மடுவத்திலிருந்து வரவில்லை. அவன் அடுப்புக்கு முன்னால் குந்தி ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தான். பக்கத்தில் தங்கச்சி உட்கார்ந்து தேங்காய்ப்பூவை எடுத்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். “கொஞ்சம் ரொட்டிக்கும் வை” என்று அவளிடம் சொன்னான். அந்தக் குரலை நான் வகுப்பில் கேட்டதே இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, மாவுக் கையோடு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். கதவுக்குப் பின்னால் கரித்துண்டால் வரிசையாகக் கோடு போட்டிருந்தது. அம்மா ஃபோன் எடுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளின் கணக்காம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தேநீர் குடிக்கிறீங்களா டீச்சர் என்று கேட்டான், ம் என்று மட்டும் சொன்னேன்.

வடலி | நுவரெலியா

கடவுளே. டீச்சர், அவனுக்கு என்ன எழுதப் போகிறீர்கள்?

இறம்பொடை அக்கா | இறம்பொடை

பேர் எதுவும் வைக்காதீர்கள் டீச்சர். பேதை, மடந்தை என்று எங்களுக்கு வைத்த மாதிரி அவனுக்கும் ஒன்று வைக்க வேண்டாம். அவன் என்ன செய்கிறான், என்ன செய்யப் பழக வேண்டும், அதை மட்டும் எழுதுங்கள்.

கொழுந்துமலை | பொகவந்தலாவை

எழுதிவிட்டேன். பழைய வரியை ஒரே கோட்டில் வெட்டி, பக்கத்தில் கையொப்பம் வைத்து, கீழே இப்படி: “பொறுப்பானவர். வகுப்பில் அமர்ந்து கவனிக்க இன்னும் நிதானம் பழக வேண்டும். கணிதத்தில் உதவி தேவை.” அதிபர் ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டார். விவரத்தைச் சொன்னேன். அவரும் கையொப்பம் வைத்தார்.

இன்றைக்கு அம்மாயியிடம் வாசித்துக் காட்டினேன். நிதானம் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். “நிதானம்னா சரி. கொழுந்துக் கூட நெறஞ்ச பொறவு எறக்கத்துல வரணும்ல, அப்ப வேணுமே, அந்த நிதானந்தானே?” ஆமாம் அம்மா, அதேதான் என்றேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தாளை நாலாக மடித்து, இடுப்பில் கட்டும் படங்குக்குள்ளே செருகிக்கொண்டார். பையன் வாசலில் நின்றான். வெண்கட்டித் துண்டு ஒன்று அவன் கையில் இருந்ததைப் பார்த்தேன், கேட்கவில்லை.

லிந்துலையான் | லிந்துலை

டீச்சர், சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. லிந்துலையிலிருந்து வர பஸ் இருக்கிறது. கணக்கு நான் சொல்லிக் கொடுக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஓர் அறை திறந்து தருவார்களா என்று மட்டும் அதிபரிடம் கேளுங்கள். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வரட்டும், இல்லாவிட்டால் அவனால் வர முடியாது.